மகளிர் ரோலர் ஹாக்கியின் ஐரோப்பியக் கோப்பை ஏன் சிற்றூர்களில் தங்குகிறது

மகளிர் ரோலர் ஹாக்கி கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பையின் வெற்றியாளர் பட்டியலைப் பார்த்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். இது எத்தகைய போட்டி, வரைபடத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய ஊர்களின் பெயர்கள் அந்தப் பட்டியலில் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன, இந்த விளையாட்டை இதுவரை பார்த்திராத ஒருவர் ஓர் ஆட்டத்தைப் பார்க்க உட்கார்ந்தால் எதைக் கவனிக்க வேண்டும் என்பவையே அவை. இரண்டாவது கேள்விக்கு நான் அதிக இடம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். அதற்கு விடை தெரிந்தால் மற்ற இரண்டும் பெருமளவு தாமாகவே தெளிந்துவிடும் என்பது என் கருத்து.

முதலில் ஆட்டத்தைப் பற்றித் தேவையான அளவு மட்டும் சொல்லிவிடுகிறேன். ஹாக்கி என்றதும் நமக்கு நினைவுக்கு வரும் திடல் ஹாக்கிக்கும் இதற்கும் மட்டையையும் பந்தையும் தவிரப் பொதுவானது மிகக் குறைவு. வழக்கமாக 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்ட, வழுவழுப்பான உள்ளரங்கத் தளத்தில், சுற்றிலும் 1 மீட்டர் உயரத் தடுப்புச் சுவர் அமைத்து, மூலைகளை வளைவாக்கி, அணிக்கு ஒரு கோல்கீப்பரும் நான்கு ஆட்டக்காரர்களுமாக இது ஆடப்படுகிறது. காலில் இருப்பவை ஒரே வரிசையில் சக்கரங்கள் கொண்ட இன்லைன் ஸ்கேட்டுகள் அல்ல. முன்னால் இரண்டும் பின்னால் இரண்டுமாக நான்கு சக்கரங்களும், விரல் நுனிக்குக் கீழே பிரேக்காகப் பயன்படும் ரப்பர்க் கட்டையும் உள்ள பழைய பாணி ஸ்கேட்டுகள். பந்து 155 கிராம் எடையும் 23 சென்டிமீட்டர் சுற்றளவும் கொண்டது, கெட்டியானது, நன்றாக அடிக்கப்பட்டால் கண் பின்தொடர முடியாத வேகத்தில் பறக்கும். கோல் வெறும் 1.70 மீட்டர் அகலமும் 1.05 மீட்டர் உயரமும் உடையது. அதற்குப் பின்னால் ஏறத்தாழ 3 மீட்டர் இடம் விடப்பட்டிருப்பதால், ஐஸ் ஹாக்கியைப் போலவே, கோலின் பின்புறமும் தாக்குதலுக்கான களமாகிவிடுகிறது. இந்தியாவிலும் இரு வகை ஸ்கேட்டுகளிலும் ரோலர் ஹாக்கி ஆடப்படுகிறது. நாம் பேசப்போவது நான்கு சக்கர ஸ்கேட்டில் ஆடப்படும் வகையைப் பற்றி மட்டுமே.

இந்த விளையாட்டில் ஆண்களுக்கான ஐரோப்பியக் கோப்பை 1965–66 பருவத்தில் தொடங்கியது. பெண்களுக்கான கோப்பை 2006–07 பருவத்தில்தான் தொடங்கியது. இடையில் உள்ள நாற்பது ஆண்டுகளில் ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் இத்தாலியிலும் ஜெர்மனியிலும் பெண்கள் ஆடாமல் இருந்தார்களா என்றால், இல்லை. கிளப்புகள் இருந்தன, உள்நாட்டுப் போட்டிகள் நடந்தன, 1992இல் ஜெர்மனியின் ஸ்பிரிங்க நகரில் முதல் மகளிர் உலகச் சாம்பியன்ஷிப்பே நடந்து முடிந்திருந்தது. அதே 1992இல் பார்சலோனா ஒலிம்பிக்கில் ரோலர் ஹாக்கி, பதக்கக் கணக்கில் சேராத காட்சி விளையாட்டாக இடம்பெற்றபோது ஆண்கள் அணிகள் மட்டுமே அழைக்கப்பட்டன. அர்ஜென்டினா முதலிடமும் ஸ்பெயின் இரண்டாமிடமும் இத்தாலி மூன்றாமிடமும் பெற்றன. இந்த விளையாட்டுக்கு உலக அரங்கில் கிடைத்த மிகப் பெரிய மேடை அதுதான். அதில் பெண்களுக்கு ஓர் ஆட்டம்கூட ஒதுக்கப்படவில்லை. ஆட்டக்காரர்கள் தயாராக இருந்தார்கள், அவர்களுக்கான போட்டிதான் தாமதமாக வந்தது என்பதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2007இல் முதல் கோப்பை வழங்கப்பட்டபோது மைதானத்தில் இருந்தவர்கள் புதிதாக விளையாட வந்தவர்கள் அல்லர். பல ஆண்டுகளாகக் காத்திருந்தவர்கள். அதனால்தான் முதல் ஆண்டிலிருந்தே ஆட்டத்தின் தரம் முதிர்ந்ததாக இருந்தது.

அந்த முதல் உலகச் சாம்பியன்ஷிப்பை வென்ற நாடு கனடா என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2006இல் சாந்தியாகோவில் சிலி தன் சொந்த மக்கள் முன்னிலையில் உலகப் பட்டம் வென்றது. ஆகவே மகளிர் ஆட்டத்தின் உச்சம் தொடக்கத்திலிருந்தே ஸ்பெயினுக்கு உரியதாக இருக்கவில்லை. அர்ஜென்டினாவும் ஸ்பெயினும் படிப்படியாக அதைத் தங்கள் வசமாக்கிக்கொண்டன. 2016இல் சிலியின் இக்கிக்கே, 2017இல் சீனாவின் நான்ஜிங், 2019இல் பார்சலோனா என்று ஸ்பெயின் தொடர்ச்சியாக மூன்று உலகப் பட்டங்களை வென்றது. அதே 2016, 2017, 2019 ஆண்டுகளில் ஐரோப்பிய கிளப் கோப்பையை வென்ற அணி ஒன்றுதான்: வோல்ட்ரெகா. இடையில் 2018இல் வென்றது வடக்கு ஸ்பெயினின் ஹிஹோன் நகர அணி. தேசிய அணியின் உயர்வும் இந்த இரண்டு கிளப்புகளின் உயர்வும் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள்.

இப்போது நீங்கள் வரைபடத்தில் தேடிய ஊருக்கு வருகிறேன். சாந்த் இபோலித் தே வோல்ட்ரெகா என்பது ஸ்பெயினின் வடகிழக்குப் பகுதியான கட்டலோனியாவில், பார்சலோனாவுக்கு வடக்கே, ஒசோனா வட்டாரத்தில் உள்ள ஊர். மக்கள் தொகை நான்காயிரத்தை எட்டாது. நம் கணக்கில் ஒரு நடுத்தரக் கிராமம். குளிர்காலத்தில் அந்தச் சமவெளியில் மூடுபனி நாள்கணக்கில் படிந்து கிடக்கும். தேர் ஆற்றங்கரையில் ஒரு காலத்தில் நூற்பாலைகளும் நெசவாலைகளும் வரிசையாக இயங்கின. 1955இல் அந்த ஊரில் தொடங்கப்பட்ட ஸ்கேட்டிங் கிளப்பின் ஆண்கள் அணி, பதினோரே ஆண்டுகளில், 1966இல், முதல் ஐரோப்பியக் கோப்பையையே வென்றது. பிறகு 1975இலும் 1976இலும் மீண்டும் வென்றது. ஆண்கள் பிரிவில் பார்சலோனா போன்ற பெரிய கிளப்புகள் சம்பளம் கொடுத்து ஆட்டக்காரர்களைத் திரட்டத் தொடங்கிய பிறகு, அவ்வளவு சிறிய ஊர் அந்த உயரத்தில் நிற்பது இயலாமல் போயிற்று. ஆனால் ஊரின் நடுவே அந்த உள்ளரங்கம் இருந்தது, பயிற்சி சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருந்தார்கள், மாலையானால் ஸ்கேட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு அரங்கத்துக்குப் போகும் பிள்ளைகள் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் பெண்களும் இருந்தார்கள்.

இதுதான் முக்கியமான செய்தி. கட்டலோனியாவில் சிறுவர் பிரிவுகளில் ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் ஒரே அணியில் கலந்து ஆடுகிறார்கள். நான்கைந்து வயதில் சமநிலை பழகத் தொடங்கும் ஒரு பெண் குழந்தை, தன் வயதுப் பையன்களோடு மோதி, அவர்களிடமிருந்து பந்தைப் பிடுங்கி, அவர்களை ஏமாற்றித் தாண்டிப் போய், பல ஆண்டுகள் ஆடிய பிறகே மகளிர் அணிக்கு வருகிறாள். ஸ்கேட்டின் மேல் உடல் தயங்காமல் இயங்கும் திறமையைப் பதினைந்து வயதுக்கு மேல் தொடங்கிப் பெற முடியாது என்றே இந்த விளையாட்டைப் பயிற்றுவிப்பவர்கள் பெரும்பாலும் கருதுகிறார்கள். ஓடுவது எல்லோருக்கும் இயல்பாக வருகிறது, ஆனால் எட்டுச் சக்கரங்களின் மேல் பின்னோக்கி நகர்ந்தபடியே எதிராளியின் மட்டையைப் படிப்பது அப்படி வராது. ஆகவே ஒரு நாட்டின் மகளிர் அணியின் வலிமையை அந்த நாட்டின் பணமோ மக்கள் தொகையோ முடிவு செய்வதில்லை. ஐந்து வயதுக் குழந்தையை நடந்தே போகும் தூரத்தில் சேர்த்துக்கொள்ளும் ஸ்கேட்டிங் பள்ளிகள் எத்தனை இருக்கின்றன என்பதே முடிவு செய்கிறது. ஒசோனா வட்டாரத்தில் வோல்ட்ரெகாவோடு மன்யேவு, விக் என்று ஒன்றுக்கொன்று மிக அருகில் இருக்கும் ஊர்களிலும் பழைமையான கிளப்புகள் உண்டு. மன்யேவுவின் மகளிர் அணியும் நாட்டின் வலிமையான அணிகளில் ஒன்றாக இருந்திருக்கிறது. அங்கே வாரந்தோறும் நடக்கும் உள்ளூர் ஆட்டங்களே பல நாடுகளின் தேசியப் போட்டியைவிடக் கடினமானவை.

வோல்ட்ரெகாவின் மகளிர் அணி 2008, 2011, 2013, 2016, 2017, 2019 என ஆறு முறை ஐரோப்பியக் கோப்பையை வென்றது. இந்த வரிசையின் பிற்பகுதியில் முன்னணியில் நின்ற ஆட்டக்காரர்களில் அன்னா கஸாரமோனாவின் பெயர் தவிர்க்க முடியாதது. ஸ்பெயின் தேசிய அணிக்காகவும் கோல்களைக் குவித்தவர் அவர். கோலுக்கு முன்னால் கூட்டம் நெருங்கியிருக்கும்போது அரை மட்டை இடைவெளியில் பந்தைத் திருப்பி அடிக்கும் அவருடைய பாணி, சின்னத் தளங்களில் சிறுவயது முதல் ஆடி வளர்ந்தவர்களுக்கே உரியது.

ஹிஹோனின் கதை இதிலிருந்து வேறுபடுகிறது. எனக்கு அது இன்னும் வியப்பூட்டும் கதை. ஹிஹோன் சிற்றூர் அல்ல. வடக்கு ஸ்பெயினில், அஸ்தூரியாஸ் பகுதியில் உள்ள துறைமுகத் தொழில் நகரம். ஆனால் ரோலர் ஹாக்கியைப் பொறுத்தவரை அது ஓர் ஓரத்தில் இருக்கிறது. ஸ்பெயினின் மகளிர் லீகில் ஆடும் அணிகளில் பெரும்பாலானவை கட்டலோனியாவைச் சேர்ந்தவை. ஹிஹோனிலிருந்து பார்சலோனா ஏறத்தாழ 900 கிலோமீட்டர். அதாவது வெளியூர் ஆட்டம் என்றாலே நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பயணம். ஆடிவிட்டுத் திரும்பி வந்து படிப்புக்கும் வேலைக்கும் போக வேண்டியவர்கள் அந்த ஆட்டக்காரர்கள். மகளிர் ஆட்டத்தில் முழுநேரத் தொழில்முறை ஆட்டக்காரர் என்பவர் இன்றும் அரிதானவர். அப்படிப்பட்ட ஊரின் அணிதான் 2007இல் முதல் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. அதன் பிறகு 2009, 2010, 2012, 2018 ஆண்டுகளிலும் வென்று ஐந்து பட்டங்கள் சேர்த்தது.

பழைய ஆட்ட விவரங்களைத் தேடும்போது இந்த அணியின் பெயர் உங்களைக் குழப்பக்கூடும். ஹிஹோன் சோலிமார் என்றும், பியெஸ்கா என்றும், ஹோஸ்தெல்கூர் என்றும், தெலெகாப்லே என்றும் ஆதரவு தரும் நிறுவனங்களின் பெயரோடு அது வெவ்வேறு ஆண்டுகளில் அறியப்பட்டது. பெயர் மாறினாலும் அணியின் குணம் மாறவில்லை. பயிற்சியாளர் ஃபெர்னாந்தோ சியெர்ரா நீண்ட காலம் அணியை நடத்தினார். முன்கள ஆட்டக்காரர் நத்தாஷா லீ அதன் முகமாக விளங்கினார். மாத்தா ஹோவே அரங்கில் நிரம்பிய கூட்டத்தின் முன்னால் பந்தை நிதானமாகச் சுற்றவிட்டு, எதிரணியின் பொறுமையைக் கரைத்து, ஒரே ஒரு தவறுக்காகக் காத்திருக்கும் அவர்களுடைய ஆட்டம் வோல்ட்ரெகாவின் பாய்ச்சலுக்கு நேர் எதிரானதாக எனக்குத் தோன்றும். கட்டலோனியாவைப் போலப் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் போட்டியாளர்கள் கிடைக்காத இடத்தில், கட்டுக்கோப்பையே வலிமையாக்கிக்கொண்ட அணி அது. முதல் பதின்மூன்று ஆண்டுகளில், 2007 முதல் 2019 வரை, வழங்கப்பட்ட பதின்மூன்று கோப்பைகளில் பதினொன்றை இந்த இரண்டு அணிகளும் பகிர்ந்துகொண்டன என்பதை நினைத்துப் பாருங்கள். 2020இல் பெருந்தொற்றின் காரணமாகப் பருவம் முடிக்கப்படாமல் நின்றது. அதற்குப் பின் கட்டலோனியாவின் இன்னொரு சிற்றூரான பலாவு தே பிளெகமான்ஸ் அணி எழுந்து வந்து ஐரோப்பியப் பட்டத்தைக் கைப்பற்றியது. அரகோன் பகுதியில், கட்டலோனிய எல்லையை ஒட்டி இருக்கும் ஃபிராகா என்ற ஊரின் அணியும் முன்வரிசைக்கு வந்தது. பெயர்கள் மாறின, ஊர்களின் அளவு மாறவில்லை.

அப்படியானால் பார்சலோனா எங்கே என்று நீங்கள் கேட்டது நியாயமே. ஆண்கள் ஐரோப்பியக் கோப்பையை வேறெந்த கிளப்பையும்விட மிக அதிகமாக, இருபது முறைக்கும் மேல், வென்ற கிளப் அது. மகளிர் கோப்பையின் வெற்றியாளர் பட்டியலில் அதன் பெயர் இல்லை. பெரிய கிளப்புகள் பெண்கள் கால்பந்தில் முதலீடு செய்யத் தொடங்கிய பின்னரும் ரோலர் ஹாக்கியில் பெண்களுக்கு அத்தகைய இடம் தரவில்லை. இதனால் இந்த விளையாட்டு இழந்தது நிறைய: சம்பளம், ஒளிபரப்பு, செய்தித்தாள்களில் இடம். ஆனால் பெரிய கிளப் ஒன்று நுழைந்து சிறந்தவர்கள் அனைவரையும் அள்ளிக்கொண்டு போகாததால், ஊர் அணிகள் தாம் வளர்த்த பெண்களைத் தம்மோடு வைத்துக்கொள்ள முடிந்தது என்பதும் உண்மை. இந்த இரண்டில் எது பெரிது என்று கேட்டால், ஆட்டக்காரர்களின் வாழ்க்கையை நினைத்து, இழப்பே பெரிது என்பேன். உலகச் சாம்பியனான ஒரு பெண் திங்கட்கிழமை காலை வேறொரு வேலைக்குப் போக வேண்டியிருப்பதில் அழகு எதுவும் இல்லை.

பெரிய கிளப் நுழைந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று போர்ச்சுகலில் இருக்கிறது. அங்கே முன்பு நோர்த்தெகோப் போன்ற சிறு அமைப்புகளின் அணிகளே மகளிர் ஆட்டத்தைத் தாங்கி நின்றன. லிஸ்பனின் பென்ஃபிகா மகளிர் பிரிவை வலுப்படுத்திய பின், 2013 முதல் பல ஆண்டுகள் தொடர்ச்சியாகத் தேசியப் பட்டத்தை வேறெவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. 2015இல் அவர்கள் ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது, ஸ்பெயினுக்கு வெளியே அந்தக் கோப்பை சென்றது அதுவே முதல் முறை. மார்லேன் சோசா, ரீத்தா லோப்பெஸ் ஆகியோர் அந்த அணியின் தூண்கள். ஆனால் அடுத்த ஆண்டுகளில் அந்த வெற்றியை அவர்களால் எளிதில் திரும்பச் செய்ய முடியவில்லை. என் கணிப்பில் அதன் காரணம் திறமைக் குறைவு அல்ல, உள்நாட்டில் தகுந்த எதிரணி இல்லாததே. ஸ்பெயின் அணி ஒவ்வொரு வாரமும் தோற்கக்கூடிய ஆட்டத்தை ஆடுகிறது. பென்ஃபிகாவோ பெரிய வித்தியாசத்தில் வெல்லும் ஆட்டங்களை ஆடிவிட்டு, ஆண்டில் ஒரு வார இறுதியில் திடீரென ஒரு கோல் வித்தியாசத்தில் வாழ வேண்டிய ஆட்டத்துக்குள் நுழைகிறது. பின்தங்கியிருக்கும்போது கடைசி மூன்று நிமிடங்களை எப்படி ஆடுவது என்பதைப் பயிற்சியில் கற்றுத்தர முடியாது.

மற்ற நாடுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரான்சில் மெரின்யாக், கூத்ரா போன்ற தென்மேற்கு ஊர்களின் அணிகளும், ஜெர்மனியில் இசர்லோன் நகரின் அணியும் வுப்பர்தால் நகரின் குரோனன்பெர்க் அணியும் இந்தப் போட்டியில் நெடுங்காலமாகத் தொடர்ந்து தோன்றுபவை. இத்தாலியில் ஆண்கள் ஆட்டம் வலுவாக இருந்தும் மகளிர் கிளப் ஆட்டம் அந்த அளவுக்கு வளரவில்லை. அர்ஜென்டினாவின் சான் ஹுவான், மெந்தோஸா பகுதிகளிலிருந்தும் சிலியிலிருந்தும் தேசிய அணி ஆட்டக்காரர்கள் ஐரோப்பிய கிளப்புகளில் ஆட வருகிறார்கள். பென்ஃபிகாவில் ஆடிய மக்காரேனா ராமோஸ் சிலியைச் சேர்ந்தவர். ஐரோப்பியக் கோப்பை என்ற பெயர் இருந்தாலும் தளத்தில் தென்னமெரிக்காவின் கையும் தெரியும்.

போட்டியின் அமைப்பு எளிது. ஐரோப்பிய ரிங்க் ஹாக்கிக் குழு (ரிங்க் ஹாக்கி என்பது நான்கு சக்கர ஸ்கேட்டில் ஆடும் இந்த வகையின் இன்னொரு பெயர்) நடத்திய இந்தப் போட்டியை, உலக ஸ்கேட்டிங் அமைப்புகள் 2017இல் வேர்ல்ட் ஸ்கேட் என்ற ஒரே குடையின் கீழ் வந்த பிறகு, அதன் ஐரோப்பியக் கிளை நடத்துகிறது. பெயரும் அண்மையில் சாம்பியன்ஸ் லீக் என்று மாறியிருக்கிறது. வரலாற்றின் பெரும்பகுதியில், ஆரம்பச் சுற்றுகள் தன் ஊரில் ஒன்றும் எதிரணியின் ஊரில் ஒன்றுமாக இரண்டு ஆட்டங்களாக நடந்தன. இரண்டின் கோல்களும் கூட்டப்பட்டு வெற்றி முடிவானது. கடைசி நான்கு அணிகள் ஒரே ஊரில் ஒரு வார இறுதியில் கூடி, அரையிறுதிகளையும் அடுத்த நாளே இறுதியாட்டத்தையும் ஆடின. அந்த ஊர் பெரும்பாலும் நான்கு அணிகளில் ஒன்றின் சொந்த ஊராகவே இருந்தது. இது சமநீதிக்கு ஒவ்வாதது என்று குறை சொல்பவர்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஏனெனில் தளத்தின் வழுக்குத் தன்மையும் தடுப்புச் சுவரில் பந்து எகிறும் விதமும் அரங்குக்கு அரங்கு மாறுபடும், சொந்த அரங்கில் அவை விரல்நுனியில் இருக்கும். இருந்தும் நான் இந்த முறையை ஆதரிக்கிறேன். நடுநிலையான பெருநகரம் ஒன்றில் நடத்தினால் இருக்கைகள் காலியாகக் கிடக்கும். ஊர்க்காரர்கள் நிரம்பிய ஆயிரம் பேர் அரங்கில் நடத்தினால், சிறுவயதுப் பெண்கள் தங்கள் அக்காமார் ஐரோப்பிய இறுதியாட்டம் ஆடுவதை நேரில் பார்ப்பார்கள். மேலே சொன்ன ஸ்கேட்டிங் பள்ளிகளுக்கு அடுத்த ஆண்டு யார் சேர்வார்கள் என்பது அந்த வார இறுதியிலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

இனி எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். புதியவர்கள் பந்தைத்தான் தேடுவார்கள், அதைப் பின்தொடர முடியாமல் சலித்துவிடுவார்கள். பந்தை விடுங்கள்; முதலில் திரையின் மூலையிலோ அரங்கின் பலகையிலோ காட்டப்படும் அணித் தவறுகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். சிறு மோதல், மட்டையால் இழுத்தல் போன்ற தவறுகளில் நடுவர் அணியின் கணக்கில் சேர்க்கும் தவறுகள் வளர்ந்துகொண்டே போகும். அந்த எண்ணிக்கை பத்தை எட்டியதும் எதிரணிக்கு நேரடி அடி கிடைக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஐந்து தவறுக்கும் இன்னொரு நேரடி அடி. ஆகவே எட்டாவது தவறு விழுந்த கணத்திலிருந்து ஆட்டம் மாறிவிடுகிறது. அந்த அணி நெருங்கிப் பறிப்பதைக் குறைத்துப் பின்வாங்கும். எதிரணியோ வேண்டுமென்றே உடலோடு உடல் உரசும் இடங்களுக்குள் பந்தைக் கொண்டுபோகும். பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றும் அந்த ஐந்து நிமிடங்களில்தான் இரு பயிற்சியாளர்களும் மிகக் கடுமையாக வேலை செய்கிறார்கள்.

நேரடி அடி என்பது கோல் கோட்டிலிருந்து 7.40 மீட்டர் தொலைவில், ஆட்டக்காரர் ஒருவரும் கோல்கீப்பரும் மட்டும் எதிரெதிரே நிற்கும் தருணம். மற்ற அனைவரும் தளத்தின் மறுபுறம் விலகிவிட வேண்டும். ஆட்டக்காரர் அங்கிருந்தே அடிக்கலாம், அல்லது பந்தோடு முன்னேறி கோல்கீப்பரை ஏமாற்ற முயலலாம். 5.40 மீட்டரிலிருந்து எடுக்கும் பெனால்டியைவிட இதில் மனம் அதிகம் வேலை செய்கிறது, ஏனெனில் என்ன செய்யப் போகிறோம் என்பதை இருவரும் மறைக்க வேண்டும். நெருக்கமான இறுதியாட்டங்களைத் திரும்பப் பார்த்தால், வெற்றி தோல்வியைப் பிரித்தது பெரும்பாலும் இத்தகைய ஒரு நேரடி அடியாகவே இருக்கும். நீல அட்டை காட்டப்பட்டாலும் நேரடி அடி உண்டு. அதோடு குற்றம் செய்தவர் 2 நிமிடம் வெளியே உட்கார வேண்டும், அவருடைய அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். மூன்று பேர் நான்கு பேரைத் தடுக்கும் அந்த இரண்டு நிமிடங்களில், தளத்தில் இருப்பவர்கள் ஒரு சிறு முக்கோணமாக நெருங்கி நின்று, பந்து போகும் திசையில் ஒரே உடல்போலத் திரும்புவதைக் கவனியுங்கள். ஹிஹோன் அணி இதில் எவ்வளவு தேர்ந்தது என்பதை எதிரணிகள் நன்கு அறிந்திருந்தன.

அடுத்து கோல்கீப்பர். வேறெந்த ஹாக்கியிலும் காணாத நிலையில் அவர் இருப்பார்: ஸ்கேட்டோடு குந்தியபடி, காலில் தடித்த பட்டைகளும் முகத்தில் கவசமும் அணிந்து, கோலின் வாயைத் தன் உடலாலேயே அடைத்துக்கொண்டு. அவர் பெரும்பாலும் எழுந்து நிற்பதில்லை. பக்கவாட்டில் சறுக்கி நகர்வதும், காலை நீட்டுவதும், கையுறையால் தட்டுவதும்தான் அவருடைய ஆயுதங்கள். அதனால் தாக்கும் அணி அவரை ஒரு பக்கம் இழுத்துவிட்டு மறுபக்கம் அடிக்கப் பார்க்கும். கோலின் பின்புறத்திலிருந்து வரும் பாஸ் இதற்காகவே. பந்தைக் கண்ணால் பார்க்க அவர் தலையைத் திருப்பும் அந்தக் கணத்தில் எதிர்க்கம்பத்தருகே ஒருவர் மட்டையை நீட்டிக் காத்திருப்பார். இதை இரண்டு முறை கண்டுகொண்டால் பந்து எங்கே என்ற தேடலே உங்களுக்குத் தேவைப்படாது, கோல்கீப்பரின் தோள் திரும்பும் திசையே பந்தின் இடத்தைச் சொல்லிவிடும்.

மூன்றாவதாக, ஓர் அணி பந்தைக் கைவசம் வைத்திருந்து 45 வினாடிகளுக்குள் கோலை நோக்கி அடித்தாக வேண்டும் என்ற விதியை மனத்தில் கொள்ளுங்கள். முன்னிலையில் இருக்கும் அணி அந்த 45 வினாடிகளையும் முழுதாகச் செலவழிக்கப் பார்க்கும். தடுப்பு அணி அதைச் சுருக்கப் பார்க்கும். முடிவில் அவசரமாக அடிக்கப்படும் பந்து தடுப்புச் சுவரில் பட்டு எகிறி வருவதை முதலில் எட்டுபவர் யார் என்பதில்தான் எதிர்த்தாக்குதல்கள் பிறக்கின்றன. வோல்ட்ரெகாவின் ஆட்டங்களில் இந்த எகிறும் பந்துக்கு மூன்று பேர் ஒரே நேரத்தில் புறப்படுவதைப் பார்க்கலாம்.

எந்த ஆட்டத்திலிருந்து தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். இணையத்தில் நேரலையாகவும் பதிவாகவும் ஆட்டங்கள் கிடைக்கின்றன. இறுதியாட்டத்தைவிட, இரண்டு ஸ்பானிய அணிகள் மோதும் அரையிறுதியைத் தேர்ந்தெடுக்குமாறு சொல்வேன். ஆண்டு முழுவதும் ஒருவரையொருவர் எதிர்த்து ஆடிப் பழகியவர்கள் அவர்கள். ஒருவரின் பழக்கம் மற்றவருக்குத் தெரியும், அது தெரியும் என்பதும் இவருக்குத் தெரியும். ஆதலால் ஒவ்வொரு நகர்விலும் ஒரு மறுப்பும் அதற்கு ஒரு மறுமொழியும் இருக்கும். அடுத்ததாக பென்ஃபிகா ஆடும் ஓர் ஆட்டத்தைப் பாருங்கள். நீண்ட பாஸ்களும், தொலைவிலிருந்து வரும் பலமான அடிகளும், தடுப்பிலிருந்து தாக்குதலுக்கு மாறும் வேகமுமாக வேறொரு பள்ளியின் ஆட்டம் அது. இரண்டையும் பார்த்த பிறகு வோல்ட்ரெகாவும் ஹிஹோனும் மோதிய பழைய ஆட்டம் ஒன்று கிடைத்தால் பாருங்கள். அதில் முதல் பாதியில் தவறுகளின் எண்ணிக்கை எப்படி ஏறுகிறது, எந்த அணி அதைப் பொருட்படுத்தாமல் ஆடுகிறது, எந்த அணி ஏழிலேயே நிறுத்திக்கொண்டு இரண்டாம் பாதிக்குக் காத்திருக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். யார் எந்த ஊர் அணி என்று சீருடையைப் பார்க்காமலே சொல்லிவிடுவீர்கள்.